ஒரே எண்ணெய் எல்லாவற்றுக்கும் போதுமா? துப்பாக்கி முதல் தோசைக்கல் வரை

ஐப்பசி நெருங்கும்போது வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. கடலோரத்தில் வீடு கட்டியவர் தாழ்ப்பாளும் கீலும் துருப்பிடிப்பதைப் பற்றிக் கேட்கிறார். பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று, தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கியை வைத்திருப்பவர் எந்த எண்ணெயைத் தடவுவது என்கிறார். வீட்டிலேயே தையல் தொழில் செய்பவருக்கு மெஷின் இறுகிப்போனதில் கவலை. மூவரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டப்பா வாங்கினால் போதாதா?

போதாது என்பதுதான் என் பதில். இரும்புக்கு எண்ணெய் இரண்டு விதமான வேலைகளைச் செய்கிறது. அசையும் பாகங்கள் உரசாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. சும்மா இருக்கும் பாகத்தின் மேல் படலமாக நின்று, காற்றும் நீரும் இரும்பைத் தொடாமல் தடுப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு எண்ணெய் இடுக்குக்குள் ஓட வேண்டும். இரண்டாவது வேலைக்குப் பூசிய இடத்திலேயே நிற்க வேண்டும். நன்றாக ஓடும் எண்ணெய் நெடுநாள் நிற்காது, நன்றாக நிற்பது இடுக்குக்குள் போகாது. 'அனைத்துக்கும் ஒன்று' என்று விற்கப்படும் எந்தப் பொருளும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் செய்துகொண்ட சமரசம்தான்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓடுமா, நிற்குமா என்பது முதல் அளவுகோல். அடுத்தது, நாளாவட்டத்தில் பிசினாகுமா என்பது. தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகும் இயல்புடையவை. எந்த எண்ணெய் எவ்வளவு வேகமாகக் கெட்டியாகும் என்பதை அயோடின் எண், அதாவது நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்ற அளவு, ஓரளவு காட்டிக்கொடுக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 6 முதல் 11 வரை, வேப்பெண்ணெய்க்கு 65 முதல் 80 வரை, விளக்கெண்ணெய்க்கு 82 முதல் 90 வரை, நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். எண் ஏற ஏற எண்ணெய் பிசினாகும் போக்கும் கூடும். ஆளிவிதை எண்ணெய் முழுவதுமாகக் காய்ந்து வார்னிஷ் ஆகிவிடும். கனிம எண்ணெய்களுக்கு, அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பவற்றுக்கு, இந்தக் கோளாறு மிகக் குறைவு.

மூன்றாவது அளவுகோல், எண்ணெய் வேறு எதைத் தொடப்போகிறது என்பது. மரம், இயற்கை ரப்பர், தோல், உணவு, வெடிமருந்து ஒவ்வொன்றுக்கும் ஆகாத எண்ணெய் உண்டு. நான்காவது, நீங்கள் இருக்கும் ஊர். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். உலோகத்தின் மேல் உப்பு படிந்திருந்தால் அதற்கும் குறைவான ஈரத்திலேயே தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னை, நாகப்பட்டினம் பகுதிகளில் காலை ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது வழக்கம். திருச்சியில் ஆறு மாதம் தாங்கும் ஒரு பூச்சு தரங்கம்பாடியிலும் அப்படியே தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

விலையைக் கடைசியில் வைக்கிறேன். டப்பாவின் விலையைவிட, தவறான எண்ணெயை நீக்குவதற்குச் செலவாகும் நேரமும் கூலியும்தான் பெரிய தொகை.

## சமையலறை எண்ணெய்கள்

கையில் இருப்பது இதுதான் என்பதால் எல்லோரும் முதலில் நாடுவதும் இதுதான். சில இடங்களில் இதுவே சரியான தேர்வும்கூட. அரிவாள்மனை, இரும்புக் கத்தி, தேங்காய் துருவி ஆகியவற்றின் அலகில் கழுவித் துடைத்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவதைவிட நல்ல வழி இல்லை. உணவைத் தொடும் இடத்தில் வேறெந்தப் புட்டியையும் திறக்கத் தேவையில்லை.

தோசைக்கல்லின் கணக்கே வேறு. புதுக் கல்லைப் பழக்கும்போது நாம் செய்வது, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடேற்றி, அது இரும்போடு ஒட்டிய கருப்புப் படலமாக மாறும்படி செய்வதுதான். பிசினாகும் குணம் அங்கே வரம். தையல் மெஷினுக்குள் அதே குணம் சாபம்.

தேங்காய் எண்ணெய் எளிதில் பிசினாகாது என்று அதன் அயோடின் எண்ணைப் பார்த்ததும் தெரியும். ஆனாலும் மெஷினுக்கும் பூட்டுக்கும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சுமார் 24 டிகிரியில் அது உறையத் தொடங்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆண்டின் பெரும்பகுதி அது வெண்ணெய் போல் நிற்கும். ஈரம் பட்டால் காறிப்போய்க் கொழுப்பு அமிலங்கள் பிரியும். பித்தளைப் பாகங்களில் அந்த அமிலம் பச்சைக் களிம்பை உண்டாக்கும். துணித் தூசியோடு சேர்ந்தால் கெட்டிக் கசடாகும். இறுகிய மெஷினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவும் கூலியில் பல புட்டி மெஷின் எண்ணெய் வாங்கிவிடலாம்.

விளக்கெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றச் சமையல் எண்ணெய்களைவிடப் பல மடங்கு தடிப்பானது, உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு விளக்கெண்ணெயைக் குழைத்து வண்டி மை போட்ட நம் முன்னோர் சரியான பொருளைத்தான் எடுத்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்து விமான என்ஜின்களிலும் இதையே ஊற்றினார்கள். மண்வெட்டி, கடப்பாரை, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக் கப்பி போன்ற முரட்டுச் சாமான்களுக்கு இன்றும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நுண்ணிய இடுக்குகளுக்கு வேண்டாம்.

## தையல் மெஷின் எண்ணெய்

ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு புட்டிதான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். நன்கு சுத்திகரிக்கப்பட்ட, நிறமில்லாத, மெல்லிய கனிம எண்ணெய். பிசினாகாது, துணியில் பட்டாலும் பெரும்பாலும் துவைத்தால் போய்விடும், எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். தையல் மெஷின், கத்தரிக்கோல், கதவுக் கீல், பழைய வகை மேசை விசிறி, முடிவெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் பொருந்தும். துப்பாக்கியின் விசைப் பொறிக்கும் இது தீங்கு செய்யாது.

இதன் குறை, நிற்காது என்பதுதான். மெல்லியதாக இருப்பதால் வழிந்து கீழிறங்கிவிடும், துருவைத் தடுக்கும் சேர்மானங்களும் இதில் பெரும்பாலும் இருப்பதில்லை. மழைக்காலம் முழுவதும் ஒரு கருவியை மூடிவைக்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டும் நம்ப முடியாது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ மண்ணெண்ணெய் வாடையோடோ இருந்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

## டபிள்யூ.டி.-40 வகை ஸ்பிரேக்கள்

இந்தப் பொருளைப் பற்றித்தான் மிகுந்த குழப்பம். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி இதை உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்க, உலோகத்தின் மீதுள்ள நீரை விலக்கும் கலவை தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. அது பிறந்த நோக்கத்தை நினைவில் வைத்தால் எங்கே பயன்படுத்துவது என்ற சந்தேகமே வராது: நீரை வெளியேற்ற.

மழையில் நனைந்த பூட்டு, வெள்ளம் புகுந்த கருவிப்பெட்டி, துருவேறி அசையாத போல்ட் ஆகியவற்றுக்கு இதற்கு ஈடாக வீட்டில் வேறொன்றும் இல்லை. ஆனால் இதன் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். அது போனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். சைக்கிள் ஹப்பிலும் பேரிங்கிலும் இதை அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டு நாள் ஓட்டம் சுகமாக இருக்கும், பிறகு உலோகம் உலோகத்தோடு உரசும். அடித்தபின் துடைத்து, சரியான எண்ணெயோ கிரீஸோ மறுபடி இட்டால்தான் வேலை முடிந்தது. அதுவே இதன் மறைசெலவு: தனியாக நின்று வேலையை முடிக்காத பொருள் இது.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டாக்கள் இருக்கும் பக்கமே இந்த வகை ஸ்பிரேயைக் கொண்டுபோகக் கூடாது. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு பாகத்துக்குள், கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம், தாமதமாகவும் வெடிக்கலாம்.

## கன் ஆயிலும் பாலிஸ்டாலும்

துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய்கள் பெரும்பாலும் கனிம அல்லது செயற்கை எண்ணெயோடு துரு தடுக்கும் சேர்மானம் கலந்தவை. துடைத்தல், உராய்வைக் குறைத்தல், காத்தல் மூன்றையும் செய்வதாகச் சொல்லும் கலவைகளும் உண்டு. அவை மூன்றையும் ஓரளவுக்குச் செய்யும். அடிக்கடி பயன்படுத்தி அடிக்கடி துடைக்கப்படும் சுடும் போட்டித் துப்பாக்கிக்கு அந்த 'ஓரளவு' தாராளமாகப் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே எடுக்கப்படும் பண்ணைத் துப்பாக்கிக்குப் போதாது.

பாலிஸ்டால் 1904 முதல் ஜெர்மனியில் தயாராகும் எண்ணெய். உலோகம், மரக்கட்டை, தோல் வார் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் படைவீரர் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. இதன் தனிச்சிறப்பு, தண்ணீரோடு கலந்தால் பால் போல் ஆகும். மேலும் லேசான காரத்தன்மை உடையது, ஆகவே கைவியர்வையின் அமிலத்தைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது பெரிய நன்மை. வாடை சிலருக்குப் பிடிக்காது. இங்கே எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். 'அனைத்துக்கும் ஒன்று' என்ற வாக்குறுதிக்கு ஓரளவு நெருங்கி வருவது இதுவே. உரிமத் துப்பாக்கியும் தோல் சாமான்களும் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் இவ்வளவு செலவழிக்க அவசியமில்லை.

## நிற்கும் பூச்சுகள்: வாசலின், கிரீஸ், மெழுகு

கடலோர வீடுகளுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இந்தப் பிரிவைத்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின் வகை, மிக நல்ல துரு தடுப்பு. மலிவு, நிறமில்லை, வழியாது. கேட்டின் தாழ்ப்பாள், பயன்படுத்தாத உளி, ரம்பம், வெளிப்புறத் திருகாணித் தலைகள் ஆகியவற்றில் மெல்லியதாகத் தேய்த்துவிட்டால் மழைக்காலம் தாண்டும். தூசியை இழுக்கும் என்பதால் அசையும் பாகத்துக்கும், இயற்கை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும் என்பதால் ரப்பர் வளையங்களுக்கும் ஆகாது.

லித்தியம் கிரீஸ் எடையைத் தாங்கிச் சுழலும் இடங்களுக்கு: சைக்கிள் ஹப், கடை ஷட்டர், இரும்பு கேட்டின் அடிக்கீல். மெழுகு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத காப்பு. மரவேலைக் கருவிகளின் தட்டையான பரப்பு, சுவரில் மாட்டியிருக்கும் பழைய வாள், கைபடும் இரும்புக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஏற்றது. உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பழைய இரும்புப் பொருள்களுக்கு நுண்படிக மெழுகைப் பூசுவது, அது காறுவதோ வழிவதோ இல்லை என்பதால்தான். பூச நேரம் பிடிக்கும், அவ்வளவே அதன் செலவு.

பூசும் முன் இரும்பு முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் தடவிய கிரீஸ் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், துரு மறைவாக வளரும்.

## பக்கம் பக்கமாக

| பொருள் | இடுக்குக்குள் ஓடுமா | நிற்குமா | பிசினாகுமா | சிறந்த இடம் | வைக்கக் கூடாத இடம் |
|---|---|---|---|---|---|
| தேங்காய் எண்ணெய் | ஓரளவு | குறைவு | குறைவு, ஆனால் காறும் | அரிவாள்மனை, கத்தி | மெஷின், பித்தளை |
| நல்லெண்ணெய் | ஓரளவு | ஓரளவு | ஆகும் | தோசைக்கல் | அசையும் எதுவும் |
| விளக்கெண்ணெய் | இல்லை | நன்று | மெதுவாக | பண்ணைக் கருவி, கப்பி | நுண்பொறி |
| மெஷின் எண்ணெய் | நன்று | குறைவு | இல்லை | தையல் மெஷின், கீல் | நெடுநாள் சேமிப்பு |
| நீர் விலக்கும் ஸ்பிரே | மிக நன்று | மிகக் குறைவு | சிறிது | நனைந்த பூட்டு, இறுகிய போல்ட் | பேரிங், தோட்டா |
| கன் ஆயில், பாலிஸ்டால் | நன்று | நடுத்தரம் | குறைவு | துப்பாக்கிப் பொறி, குழல் | உணவைத் தொடும் இடம் |
| வாசலின், மெழுகு | இல்லை | மிக நன்று | இல்லை | சேமிப்பு, உப்புக்காற்று | நுண்பொறி (வாசலின் ரப்பருக்கும் ஆகாது) |

## துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு

எதைத் தொடும் முன்பும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

கருமருந்து இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கியானால் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர். கருமருந்தின் கசடில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் குழலைத் துருவேற்றும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். வெந்நீரும் சிறிது சோப்பும் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய். கழுவாமல் எவ்வளவு விலையுயர்ந்த கன் ஆயிலைப் பூசினாலும் உப்பு அடியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

நீலக்கருமை ஏற்றிய குழல் துருவே பிடிக்காது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அந்த நிறம் இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம், நுண்துளைகள் கொண்டது. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தானாக இரும்பைக் காக்காது. வியர்த்த கையால் தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும்.

மரக்கட்டையில் கனிம எண்ணெய் வழிந்து ஊறினால் மரம் காலப்போக்கில் இளகிக் கெடும். ஆகவே பொறிக்கு எண்ணெய் இட்டபின் துப்பாக்கியைச் சில மணி நேரம் குழல் கீழாகச் சாய்த்து வைப்பது நல்லது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயே ஏற்றது. தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடிக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் இருக்கும்.

நம் நாட்டில் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சூழ்நிலையும் உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் அது உங்கள் கைக்கு எட்டாத அறையில் இருக்கும், இடையில் துடைக்க முடியாது. மெல்லிய எண்ணெயோடு கொடுத்தால் புள்ளிப் புள்ளியான துருவோடு திரும்பும். ஒப்படைக்கும் முன் வெளிப்புறத்துக்கு மெழுகோ வாசலினோ, குழலின் உட்புறத்துக்குச் சற்றுத் தடிப்பான துரு தடுப்பு எண்ணெயும் பூசுங்கள். திரும்பி வந்ததும், சுடும் முன் குழலின் உட்புறத்தைத் துணியால் முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே தேங்கிய எண்ணெயோ கிரீஸோ தோட்டாவுக்குத் தடையாகி அழுத்தத்தை ஏற்றும், குழல் விரியவோ வெடிக்கவோ கூடும்.

ஏர் ரைபிளின் விதி நேர் எதிர். சுருள்வில் வகையில் அழுத்தப்படும் காற்று மிகச் சூடாகும். அந்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பது போலப் பற்றிக்கொண்டு, காற்று கசியாமல் அடைக்கும் வளையத்தையும் (சீல்) சுருள்வில்லையும் சிதைக்கும். முன்னதாகவே உயரழுத்தக் காற்று நிரப்பும் வகையில் அபாயம் இன்னும் பெரிது. இரண்டிலும் காற்று செல்லும் பாதைக்குச் சிலிக்கோன் எண்ணெய் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவில். சிலிக்கோன் எண்ணெய் உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்துக்குப் போதாது என்பதால் வெளிப்புறக் கீலுக்கு வழக்கமான எண்ணெயே.

## பூட்டுக்கு எது

திண்டுக்கல் பூட்டு போன்ற பெரிய நெம்புப் பூட்டுக்கு இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். உள்ளே சிறு ஊசிகள் கொண்ட சிறிய 'பின்' (pin) வகைப் பூட்டில் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து சாவி திணறும். அதற்குக் கிராஃபைட் தூள் நல்லது. ஆனால் கிராஃபைட் துருவைத் தடுக்காது. கடற்காற்று அடிக்கும் வாசல் கேட்டில் அதை மட்டும் நம்பக் கூடாது. அங்கே நீர் விலக்கும் ஸ்பிரே, அது காய்ந்தபின் மெஷின் எண்ணெய், வளைவுக் கம்பியில் வாசலின் என்று மூன்றும் வேண்டும்.

## எதை வாங்குவது

துப்பாக்கி இல்லாத, உள்நாட்டு ஊரிலுள்ள வீட்டுக்கு மெஷின் எண்ணெய் ஒரு புட்டி, வாசலின் ஒரு டப்பா. அடுக்களையில் தேங்காய் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. கடலோரமானால் நீர் விலக்கும் ஸ்பிரே ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய டப்பா வேண்டாம், ஸ்பிரேயில் பாதி காற்றில் போய்விடும். உரிமத் துப்பாக்கி இருந்தால் ஒரு கன் ஆயிலோ பாலிஸ்டாலோ, கூடவே மெழுகு. அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறும் வகையானால் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

ஆளிவிதை எண்ணெய் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலேயே தீப்பிடிக்கும். துணியை வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.